அண்ணன் இறங்கிய ஸ்டேஷன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ராயபுரத்தில் இந்த மாதிரிக் கதைக்குப் பஞ்சமே இல்லை, கடலுக்குப் போய்ச் செத்தவன் திரும்பி வந்து கதவைத் தட்டினான், கல்லறை மதிலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன், எவ்வளவு ஊத்தினே என்று. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் அதையே கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், அன்று நான் குடித்திருந்தது இரண்டு தம்ளர் கடுங்காப்பி.

எனக்கு ஒரே அண்ணன், பெயர் ஆரோக்கியம். கல்யாண சமையல் மாஸ்டர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மாதா கோயில் கல்யாணமோ ரயில்வேக்காரர் வீட்டு விசேஷமோ, எங்கள் ஆட்கள் முதலில் அவர் தேதியைத்தான் கேட்பார்கள். நான் அவருக்கு எடுபிடி. வெங்காயம் உரிப்பேன், அடுப்பைப் பார்ப்பேன், பாத்திரத்தை வண்டியில் ஏற்றுவேன், பதினான்கு வருஷமாக இதே வேலை. சாப்பிட்டவர்கள் மாஸ்டரைக் கூப்பிடு என்பார்கள், அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போவார், நான் பின்னால் கரண்டியோடு நிற்பேன். வயிறு எரியும். அவர் என்னை ஒரு நாள் கூட ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை, அதனால் இன்னும் அதிகமாக எரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பூரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்ட ஒருவர் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். வெளிநாட்டுச் சுற்றுலா நடத்துகிறவர். கிறிஸ்துமஸ் லீவில் வசதியான குடும்பங்களைச் சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப் போகிறாராம், காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் பனிமலையில் சறுக்குவார்களாம், ஆனால் வாய்க்கு மட்டும் நம் சாப்பாடுதான் வேண்டுமாம். மாஸ்டர் வர வேண்டும் என்றார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அப்போதெல்லாம் குக்கர், அரிசி, சமையல்காரன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இங்கிருந்து கொண்டு போவார்கள்.

அண்ணனுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. வருஷா வருஷம் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துக் கூரைமேல் பனி என்று ஒட்டுகிறவர் அவர். நிஜப் பனியைக் கையால் எடுத்துப் பார்க்கப் போகிறேன் என்று டீக்கடை, கோயில் வாசல் ஒன்று விடாமல் சொல்லி வைத்துவிட்டார். நாற்பத்தாறு வயது ஆள். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று இரண்டு பேருக்குமே பாஸ்போர்ட் போடச் சொன்னார் டூர்காரர். விசாரிக்கப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் எண்ணூரில் வேலையாக இருந்தார். நான்தான் இருந்தேன். என் தாளை முடித்துவிட்டு அண்ணன் தாளை எடுத்தார். அண்ணன் பேரில் கேஸ் ஏதாவது உண்டா என்று சும்மா, எழுத வேண்டுமே என்பதற்காகக் கேட்டார்.

கேஸ் கிடையாது. ஒரு காலத்தில் வியாசர்பாடியில் ஃபுட்பால் மேட்ச் பார்க்க அண்ணன் போன இடத்தில் அடிதடி, வேடிக்கை பார்த்தவர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைத்துச் சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து கூட இல்லை. இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

“கேஸெல்லாம் இன்னா சார், ஒண்ணும் கெடியாது. ஒரு தபா ஸ்டேஷனுக்கு இட்னு போனாங்கோ, அவ்ளோதான்” என்றேன்.

வாய் தவறி வந்ததில்லை. தெரிந்துதான் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி, எந்த ஸ்டேஷன் என்று கேட்டார், அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவருக்கு டீ வாங்கிவரப் போனேன்.

எனக்குப் பாஸ்போர்ட் வந்தது, அண்ணனுடையது விசாரணை என்று நின்றுவிட்டது. டூர்காரர் உச்சுக் கொட்டிவிட்டு என்னை எழுதிக்கொண்டார். யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். எவனாவது வயிற்றெரிச்சல் பிடித்தவனாக இருக்கும் என்றேன். அது ஒன்றுதான் நான் அந்த மாதம் அவரிடம் சொன்ன உண்மை.

கிளம்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து எனக்காகப் புளிக்காய்ச்சல் கிளறினார். பெரிய ஜாடி நிறைய, மேலே கெட்டுப்போகாமல் இருக்க நல்லெண்ணெய் ஊற்றி, துணி கட்டி.

“இத்த சோத்துல போட்டு பெரட்டுனா போதும். கலீஜ் பண்ணி வுட்டுறாத. பனி எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு நைனா.”

இனி நடந்ததைச் சொல்கிறேன். போய் இறங்கிய மறுநாள் மலைக்கு ரயில். நான் விடிவதற்குள் எழுந்து, தங்கின இடத்துச் சமையல்கட்டில் சோறு வடித்து, புளிக்காய்ச்சலைப் போட்டுப் புரட்டி, இருபத்திரண்டு பேருக்கும் பொட்டலம் கட்டிவிட்டேன். ரயிலில் எதிரெதிராக இரண்டிரண்டு பேர் உட்காருகிற இருக்கைகள். பெட்டியின் கோடியில் நான், பக்கத்து இருக்கையில் குக்கரும் பையும், எனக்கு எதிரில் இருந்த இரண்டு இடமும் காலி. நடைபாதைக்கு அந்தப் பக்கம் சாரதா அம்மா, குழுவில் மூத்தவர், மகன் குடும்பம் சறுக்கப் போக, துணைக்கு வந்தவர். சாப்பிட்டுவிட்டு, எங்க வீட்டுக் கல்யாணத்துல கூட இப்படிச் சாப்பிட்டதில்லப்பா, கைமணம் ஒருத்தருக்குத்தான் வரும் என்றார். எல்லாம் பழக்கம்தாம்மா என்று சொல்லிக்கொண்டேன். பதினான்கு வருஷம் காத்திருந்த பாராட்டு, என் பொட்டலத்தைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சுரங்கம் வந்தது. நீளமான சுரங்கம், பிள்ளைகள் ஓவென்று கத்தி ஓய்ந்துபோகிற அளவுக்கு நீளம். வெளியே வந்ததும் கண் கூசுகிற வெள்ளை, வானம் எது தரை எது என்று தெரியாத வெள்ளை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் எனக்கு எதிரில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்.

கைலி, முண்டா பனியன், தோளில் துண்டு. செருப்பு இல்லை. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. என்னை அவர் திரும்பியே பார்க்கவில்லை. அவர் முழங்காலுக்கும் என் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, அவருக்குத்தான் சொல்கிறேன், எனக்கு அசையவே வரவில்லை.

தூக்கக் கலக்கம், பிரமை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், சாரதா அம்மா வாயைத் திறக்கிற வரைக்கும்.

“யாருப்பா அது, உங்க ஆளா? இந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர் கூட இல்லாம உக்காந்திருக்காரே. எங்கிட்ட ஒரு சால்வை இருக்கு, குடுக்கட்டுமா?”

அந்த அம்மாவுக்கும் தெரிந்தார். அதற்கு அப்புறமாவது நான் அண்ணே என்று கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது மனதில் ஓடியது என்ன தெரியுமா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அண்ணன் என்று சொன்னால் மாஸ்டர் இவர்தான் என்று தெரிந்துவிடும், புளிசாதம் யார் கை என்று தெரிந்துவிடும். எதிரில் உட்கார்ந்திருப்பது உயிரா ஆவியா என்று கூட யோசிக்காமல் இதைத்தான் யோசித்தேன்.

“தெரியாதும்மா. யாரோ” என்றேன்.

அந்த அம்மா மடியில் எடுத்து வைத்த சால்வையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. ஆளில்லாத ஸ்டேஷன், பலகைக் கட்டடம் ஒன்று, சுற்றிலும் இடுப்பளவு பனி. அண்ணன் எழுந்தார், கதவு திறந்தது, இறங்கிவிட்டார். வெறுங்கால் பனியில் புதைந்தது, குனிந்து ஒரு கை பனியை அள்ளினார், மூடி வைத்துக்கொண்டார். ரயில் நகர்ந்தபோது அந்தக் கையோடு எங்கள் ஜன்னல் பக்கமாக இரண்டு எட்டு நடந்து வந்தார், நின்றுவிட்டார். எவ்வளவு தூரம் போகும்வரை அவர் தெரிந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எறங்கிட்டாரே பாவம், கால்ல செருப்பு கூட இல்ல” என்று அந்த அம்மா சொன்னதை மட்டும் கேட்டேன்.

ஒரு வாரமும் சமைத்தேன், எல்லாரும் சறுக்கி விழுந்து சிரித்தார்கள், நான் பனியைத் தொடவே இல்லை. ஊருக்குப் போன் போடவும் தைரியம் இல்லை. அண்ணன் செத்துப்போயிருப்பார் என்றே முடிவு கட்டிவிட்டேன், இந்த மாதிரிக் கதைகளில் அதுதானே நடக்கும். ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாசலில் பந்தல் போட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பந்தல் இல்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், இடது கையால். வலது கையில் கட்டு.

அண்ணி பிலோமினா சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“மத்தியானம் துன்ட்டு படுத்தாரு. சாயந்தரம் அஞ்சு மணிக்கி எழுப்புறேன், எந்திரிக்கல. ஒடம்பு ஜில்லுனு கீது. நான் கத்தி ஊர கூட்டிட்டேன். அப்பால தானா எந்திரிச்சி குந்தினாரு, கைய மூடிகினு. தொறந்து பாத்தா ரெண்டு வெரலு நீலமா கீது.”

அங்கே நாங்கள் சுரங்கத்தைத் தாண்டியபோது மதியம் பன்னிரண்டரை. நாலரை மணி நேரம் வித்தியாசம், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலையா என்றுதானாம். இல்லை சார், நெருப்புக்கிட்ட வேலை என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். அவர் முன்பு ராணுவத்தில் இருந்த டாக்டர். பனிமலையில் காவல் இருக்கிற சிப்பாய்களுக்கு விரல் இப்படிக் கறுத்துப் பார்த்திருக்கிறேன், மெட்ராஸில் எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். சுண்டுவிரலிலும் பக்கத்து விரலிலும் நுனியை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை கிடையாது, வேறு எதுவும் கிடையாது, காரணம் என்று எழுதுகிற இடத்தில் அவர் ஒன்றும் எழுதவில்லை.

நான் அண்ணனிடம் எதையும் சொல்லவில்லை. அவரும் பனி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. போகும்போது அத்தனை ஆசையாகச் சொல்லி அனுப்பியவர், கேட்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய பாஸ்போர்ட் எப்படியோ வந்து சேர்ந்தது. டூர்காரர் மறுபடி ஆள் அனுப்பினார். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம், முற்பகல், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நீங்கதான் போகணும் அண்ணாத்த என்று நான் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அதில் பாதி அவருக்காக, பாதி எனக்காக.

“வோணாம்டா” என்றார். “நான்தான் பாத்துட்டேனே.”

அவர் கிளறிக்கொண்டே, சாதாரணமாக, யாரோ பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்.

“அந்தம்மா நல்ல அம்மா. யாருன்னு ஒன்னாண்ட கேட்டுச்சில்ல, சால்வை கூட எடுத்துச்சு. அப்பால உள்ள வச்சுகிச்சு. நீ இன்னா சொன்னே அந்தம்மாவாண்ட?”

சாரதா அம்மாவைப் பற்றி நான் அதுவரை ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை, என் பெண்டாட்டியிடம் கூட. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவர் கேட்டுத்தான் விட்டாரே. அதிகம் போனால் ஒரு அறை விழுந்திருக்கும்.

“எங்க அண்ணன்னு சொன்னேன்” என்றேன்.

கரண்டி நின்றது.

“அப்டியா?” என்றார். “எனுக்கு காதுல வுழல.”

இன்றைக்கும் அவரோடுதான் வேலை செய்கிறேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை, நானும் மாற்றிச் சொல்லவில்லை.