காருக்கு ஒரு துவக்கு

மெல்பேர்னின் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் செல்வரட்ணம் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்கிறார். கைப்பேசி ஸ்டீரிங்கில் சாய்ந்து நிற்கிறது. அதன் திரையில் தாடி வைத்த அமெரிக்கர் ஒருவர் தன் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தத் துப்பாக்கியை உள்ளே எங்கே வைப்பது நல்லது என்று பொறுமையாக வகுப்பெடுக்கிறார். செல்வரட்ணத்தின் மடியில் காகிதத் தட்டு, அதில் கோயில் கேன்டீன் புளியோதரை. அமெரிக்கர் கதவுப் பையைத் தொட்டால் இவரும் தன் கதவுப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். அவருக்கு ஸ்டீரிங் இடப்பக்கம், இவருக்கு வலப்பக்கம். அதனால் பாடம் முழுவதும் கை மாறிப் போகிறது.

"சீற்றுக்குக் கீழ வைச்சா, பிரேக் பிடிக்கேக்க உருண்டு முன்னுக்கு வந்திடுமாம்," என்பார் நான் கதவைத் திறந்ததும். "டாஷ்போர்டுக்குள்ள வைச்சா எடுக்க நேரம் போயிடுமாம். இடுப்பில கட்டினா பெல்ட் இடிக்குமாம். நான் என்ன செய்யிறது பிள்ளை?"

"முதல்ல துப்பாக்கி வரட்டும் அங்கிள். இடத்தை அப்புறம் பார்த்துக்கலாம்," என்பேன். அவருக்குச் சிரிப்பு வராது.

ரோவிலில் உள்ள என் வீட்டிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிவருபவர் அவர்தான். எனக்குக் கண்ணில் அறுவை செய்தபிறகு இருட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மெல்பேர்ன் குளிர்காலத்திலோ மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஆகவே எனக்கு வாய்த்தது மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கரின் டாக்ஸி. கண்ணாடியில் செபமாலை தொங்கும், மீட்டருக்குப் பக்கத்தில் மடு மாதா ஒட்டியிருப்பார். கோயிலுக்குள் மட்டும் வரமாட்டார். புளியோதரைக்கு மறுப்புச் சொன்னதே இல்லை. "மாதாவுக்குக் கோவமில்லை, சோறுதானே," என்பார்.

அவர் வண்டியில் புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் கேட்பது, வழிகாட்டும் கைப்பேசிக் குரலோடு அவர் நடத்தும் சண்டையைத்தான். "நீ சும்மா இரு, அந்த ரோட்டில வேலை நடக்குது," என்று அதட்டுவார். அவள் மறுபடியும் சொன்னால், "சொன்னாக் கேக்கமாட்டாள்," என்று நம்மிடம் முறையிடுவார். சட்டை எப்போதும் வெள்ளை, எப்போதும் இஸ்திரி போட்டது. அழுகிற குழந்தைகளுக்கு என்று கதவுப் பையில் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பார். எந்தக் குழந்தையும் அதை இரண்டாம் முறை கேட்டதில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று போலீசார் சாலையோரம் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது இங்கே வாரக்கடைசி வழக்கம். மற்றவர்கள் கண்ணாடியை இறக்கி, குழாயில் ஊதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். செல்வரட்ணம் தூரத்தில் நீல விளக்கைக் கண்டதுமே வேகத்தைக் குறைப்பார். முன்விளக்கை அணைப்பார். வண்டிக்குள் இருக்கும் விளக்கைப் போடுவார். இரண்டு கைகளையும் ஸ்டீரிங்கின் மேல் விரித்து வைப்பார். யுத்தகாலத்தில் மன்னார்ப் பக்கம் சோதனைச் சாவடிகளில் அதுதான் நடைமுறை. சாவடியில் நிற்பவனுக்குக் கண் கூசக் கூடாது, உள்ளே இருப்பவர்களின் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும். இங்கே உள்ள காவலர்கள் சிரித்துக்கொண்டே, ஹெட்லைட்டைப் போடுங்கள் என்பார்கள். போடுவார். அடுத்த தடவையும் அணைப்பார். "என்ன அங்கிள், மேடையில நாடகமா?" என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

போன ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தக் கேலியை நிறுத்திக்கொண்டேன். ஒரு ரயில் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் பதிவு செய்திருந்த பயணிக்காக அவர் காத்திருந்தார். மாலைதான், ஆனால் நல்ல இருட்டு. தலையை மூடிய சட்டை போட்ட இரண்டு பையன்கள் எதிரே நடந்து வந்தார்கள். ஒருவன் நிறுத்து என்பதுபோலக் கையை உயர்த்தினான். செல்வரட்ணத்தின் கை அதன்பாட்டில் முன்விளக்கை அணைத்தது, உள்விளக்கைப் போட்டது. வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அறுபது வயது மனிதர் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்தார். பின்கதவு திறந்தது, கழுத்தில் கத்தி வந்தது. கைப்பேசியையும் தங்கச் சங்கிலியையும் கொண்டுபோனார்கள். சங்கிலி கிடந்த இடத்தில் இப்போது தையல் தழும்பு இருக்கிறது. வண்டியில் கேமரா உண்டு. அது எல்லாவற்றையும் ஒழுங்காகப் படம் பிடித்தது.

அந்தப் படத்தைப் பார்த்த காவலர், எதற்காக உள்ளே விளக்கைப் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். "லைட்டைப் போட்டா ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு நினைச்சன் எண்டு சொன்னன்," என்றார் செல்வரட்ணம் என்னிடம். "அவன் அப்பிடியே எழுதினான். எழுதிப்போட்டுத் திருப்பி வாசிச்சுக் காட்டினான். எனக்கே அது விசர்க்கதை மாதிரித்தான் கேட்டுது."

அதன்பிறகு யாரையும் பின்னால் உட்கார விடுவதில்லை. "முன்னுக்கு இருங்கோ, முன்னுக்கு," என்று கெஞ்சுகிறார். மறுக்கும் பயணியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிவிடுகிறார். மகள் டில்ஷா மருத்துவமனையில் தாதி. அவள் ஒருநாள் காருக்குள் ஏறி, "நோ மோர் லைட், அப்பா. ப்ளீஸ்," என்று சொல்லி உள்விளக்கின் பல்புகளைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டாள். இவரது விரல் இன்னமும் சுவிட்சுக்குப் போகிறது. சொடுக்குகிற சத்தம் மட்டும் வரும்.

அப்போதுதான் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. துவக்கு என்பது அவருடைய சொல். முதலில் அமெரிக்கரின் வகுப்புகள். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக ஒரு துப்பாக்கிக் கடைக்கே போய்விட்டார்.

"என்ன காரணத்துக்கு எண்டு கேட்டான் கடைக்காரன். காரில வைச்சிருக்க, என்ர பாதுகாப்புக்கு எண்டன். தலையை ஆட்டிப்போட்டான். பண்ணை வைச்சிருந்தா லைசன்ஸ் குடுப்பாங்களாம். பன்றி, முயல் சுடுறதெண்டாலும் குடுப்பாங்களாம். கிளப்பில சேர்ந்து அட்டையில சுட்டாலும் சரியாம். உயிருக்குப் பயமாக் கிடக்கு எண்டா மட்டும் அது ஒரு காரணமில்லையாம்."

"அப்ப பன்னின்னு சொல்லியிருக்கலாமே அங்கிள்."

"அதெப்பிடிப் பிள்ளை? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லவேணும், உள்ளதைத்தான் சொல்லவேணும். பொய் சொன்னா ரெண்டாவது கேள்வி வரும்." கடைக்காரன், ஊர்ச் சாவடியில் நின்ற ராணுவத்தானைப்போல, பச்சைச் சட்டை போட்டிருந்தானாம். பச்சைச் சட்டைக்காரனிடம் பொய் சொல்ல இவருக்கு நா எழவில்லை. வெறுங்கையோடு வெளியே வர வெட்கப்பட்டு ஒரு நீளமான டார்ச் லைட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாராம்.

கிரிக்கெட் மட்டை ஒன்றைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மட்டை மட்டும் இருந்தால் போலீஸ் சந்தேகப்படும், பந்தும் கையுறையும் சேர்த்து வை என்று யாரோ யோசனை சொன்னார்கள். எல்லாம் சேர்ந்ததும் முன்னால் பயணி உட்கார இடமில்லை. மூட்டையாகக் கட்டி டிக்கியில் போட்டார். கள்ளன் வந்தால் இவர் இறங்கிப்போய் டிக்கியைத் திறக்கும்வரை அவன் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு நான் சிரித்தேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் கேலியைத் தாண்டிவிட்டது என்று எனக்குச் சொன்னவர் அவர் மனைவி பிலோமினம்மா. டாக்ஸி வரிசையில் இவரோடு நிற்கும் சிறிதரன் என்பவர், லைசன்ஸ் எதுவும் கேட்காமல் பிஸ்டல் தருகிற ஆள் ஒருவரைத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். இவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"பிடிபட்டா ஜெயில் அன்ரி," என்றேன்.

"ஜெயிலுக்கு நான் பயப்படேல்லைப் பிள்ளை," என்று தேநீரை என் பக்கம் தள்ளினார் பிலோமினம்மா. "உங்களுக்கு யூட்டைப் பற்றிச் சொன்னவரே?"

சொன்னதில்லை. யூட், செல்வரட்ணத்தின் தம்பி. ஊரில் இவர் வாடகை வேன் ஓட்டிய காலத்தில் ஒருநாள், கோயில் திருநாளுக்குப் போன சனத்தை இறக்கிவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி பக்கத்து சீட்டில். பொழுதுபட்ட நேரம், சாவடி. இவர் முன்விளக்கை அணைத்தார், உள்விளக்கைப் போட்டார். காலையில் எரிந்த பல்ப் அப்போது எரியவில்லை. சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார். இருட்டாக வருகிற வேனுக்குள் யார், எத்தனை பேர் என்று சாவடியில் நின்றவனுக்குத் தெரியவில்லை. அவன் சுட்ட வெடி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு தம்பிமேல் பட்டது. அந்த சீட்டிலேயே தம்பியின் உயிர் போய்விட்டது. செல்வரட்ணத்தின் மேல் ஒரு கீறல் இல்லை.

"சுட்டவனும் சின்னப் பெடியன்தானாம்," என்றார் பிலோமினம்மா. "பயத்தில சுட்டிட்டானாம். துவக்கை வைச்சுக்கொண்டு நடுங்கினவனாம். இவர் இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவார். இப்ப இவருக்கும் பயம். இவற்ற கையிலயும் ஒண்டு இருந்தா, இருட்டில நடந்து வாறது ஆரெண்டு பாப்பாரோ பிள்ளை? அப்பிடி ஒண்டு வந்தா நான் அந்தக் காரில ஏறமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்." அவர் அழவில்லை. தேநீர்தான் யாரும் தொடாமல் ஆறிப்போனது.

சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல என்னைக் கூட்டிப்போனார். வழக்கமாக டாஷ்போர்டுப் பெட்டி சரியாக மூடாமல், ரசீதுத் தாள்களும் துடைக்கும் துணியுமாகப் பிதுங்கிக்கொண்டிருக்கும். அன்று தாள்களும் துணியும் தரையில் கிடந்தன, பெட்டி இறுக மூடியிருந்தது. கைப்பேசியில் அமெரிக்கர் இல்லை. வழிகாட்டும் குரல் தவறான சாலைக்குத் திருப்பச் சொன்னபோதுகூட இவர் சண்டை போடவில்லை.

"உள்ள என்ன அங்கிள்?" என்றேன்.

"சாமான்," என்றார்.

"சிறிதரன்கிட்ட என்ன சொன்னீங்க?"

கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்கிற மனிதர் அன்று பதிலே சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வந்து ஏறியபோது என் முழங்கால் அந்தப் பெட்டியில் இடித்தது. இறங்கி வேறு வண்டி பிடிக்கலாமா என்று நினைத்தேன். இறங்கினால் அவர் தனியாகத் திரும்புவார் என்பதால் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் நீல விளக்குகள் தெரிந்தன. வாரக்கடைசிச் சோதனை. மழைத் தூறலில் முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாக நின்று நகர்ந்தன. செல்வரட்ணம் வேகத்தைக் குறைத்தார். முன்விளக்கை அணைத்தார். விரல் மேலே போய் சுவிட்சைத் தட்டியது. விளக்கு எரியவில்லை. மறுபடியும் தட்டினார். மறுபடியும்.

"அங்கிள், பல்ப் இல்ல. டில்ஷா கழட்டிட்டா," என்றேன். அவர் காதில் அது விழவில்லை. வண்டி நின்றது. சாலையில் நின்ற காவலர் கையை உயர்த்தியபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். மிக இளவயதுப் பையன். இடுப்பில் பிஸ்டல் இருந்தது. இத்தனை மாதம் துப்பாக்கியாகப் பார்த்துத் தள்ளிய மனிதர் அந்த ஒன்றைப் பார்க்கவே இல்லை. சுவிட்சைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, டாஷ்போர்டைத் திறவுங்கோ. கெதியாத் திறவுங்கோ."

என் கை எழவில்லை. அவரே என்மேல் சாய்ந்து பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே கையை விட்டார். அந்தக் கடையில் வாங்கிய டார்ச் லைட் மட்டும்தான் அதில் இருந்தது.

அதை எரியவிட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தார். கண் கூசி நான் முகத்தைத் திருப்பப் போனேன். "அசையாதேங்கோ," என்றார். காவலர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை, தன் முகத்தை இருட்டிலேயே விட்டுவிட்டு, நடுங்கும் இரண்டு கைகளாலும் அந்த வெளிச்சத்தை என்மேல் பிடித்துக்கொண்டிருந்தார்.