மாமா பிரித்துப் பூட்டிய வண்டி

என் மாமாவுக்கு வாய் அதிகம். அம்மாவின் ஒரே தம்பி. ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயிலேறி புனேவுக்கு வந்தவர், வந்த மறுநாளே எங்கள் கட்கி குவார்ட்டர்ஸ் முழுக்க, தான் கை வைக்காத இன்ஜின் இந்தியாவிலேயே கிடையாது என்று பரப்பிவிட்டார். கேபிள் டிவி வந்த புதிது அது. இருந்தாலும் டிவியை விட்டுவிட்டு மாமாவின் அளப்பைக் கேட்க நாலு பேர் வருவார்கள்.

அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. இருந்த இரண்டு அறைக்குள் மச்சானுக்கும் பாய் விரித்து அலுத்துப்போனவர், தீபாவளிக்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு ரயிலேற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கூடவே அம்மாவுக்கும் ஒரு குத்தல் பேச்சு. பால் திரிந்தாலும் சரி, எனக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, "இவ கை பட்டா எது வெளங்கிச்சி?" என்பார். தம்பியை வரச்சொல்லிக் கடிதம் போட்டவளும் அவள்தானே, பிறகு எப்படி வேலை அமையும்? அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

கசார்வாடியில் ஹைவே ஓரமாகப் பட்டறை வைத்திருந்த ஒரு மராட்டிக்காரர் மாமாவின் பேச்சில் மயங்கி, ஓடாமல் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். சேட் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். இன்ஜினைப் பிரித்துப் பூட்டி ஓட்டிக் காட்டினால் மெக்கானிக் வேலை என்றார்.

மாமா பிரித்துப் போட்ட சமயம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. அம்மா விடுவாளா? செய்தித்தாளில் பரப்பிக் கிடந்த பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினாள். தம்பியின் பிழைப்பே அதில்தான் இருந்தது. மறுநாள் மாமா எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசிவிட்டுப் பூட்ட ஆரம்பித்தார். வைத்த பொட்டெல்லாம் போயிற்றே என்று அம்மாவுக்கு மனசே கேட்கவில்லை. அவர் சாப்பிட உள்ளே போன நேரம், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், மூடாமல் இருந்த ஓர் இடமாகப் பார்த்து மறுபடியும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தாள். மாமா திரும்பி வந்து, வாசலில் நின்றவர்களிடம் கதையளந்தபடியே அதன் மேல் மூடியைப் போட்டு முறுக்கிவிட்டார்.

வண்டி கிளம்பியது. தெருமுனை வரை ஜோராகப் போய், அங்கே விக்க ஆரம்பித்தது. நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பு விட்டுப்போகும், அடுத்து சைலன்சரில் டமார் என்று ஒரு வெடி. எங்கள் குடியிருப்புக்கு வெடிச்சத்தம் புதிதில்லை. அப்படியும் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பேக்டரி டெஸ்டிங்க இங்கயே வெச்சிட்டாங்களா?" என்று கேட்டார்.

மாமா பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். பெட்ரோல் டாங்கியைக் கவிழ்த்துக் கழுவினார். பாயிண்ட்டை மட்டும் தொடவில்லை. பிளக்கில் நெருப்புப் பொறி எழுவதற்காகத் திறந்து திறந்து மூடும் இரண்டு சின்ன முனைகள் அவை. நடுவில் மயிரிழை இடைவெளி.

"அது நான் வெச்ச கேப்பு. பிரம்மாவே வந்தாலும் அதுல தப்பு சொல்ல முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சேட் வந்தார். மாமா உதைத்தார். வண்டி விக்கியது, இருமியது, அவர் காலடியிலேயே வெடித்தது. அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "இவ பூஜ போட்டப்பவே நெனச்சேன்" என்றார். வாசற்படியில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா வேறு வழியில்லாமல் பாயிண்ட்டின் மூடியைக் கழற்றினார். வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. முனைகளுக்கு நடுவே சந்தனம் காய்ந்து பொருக்காக உதிர்ந்திருந்தது. கூடவே குங்குமத் தூள். மாமா தலையைத் தூக்கி ஒரு தரம் அம்மாவைப் பார்த்தார். பிறகு அதை விரலால் வழித்தெடுத்தார். கை துடைக்கும் அழுக்குத்துணி பக்கத்திலேயே கிடந்தும், அதில் துடைக்காமல் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மூடி, வண்டியை உதைத்தார். அடடா, அப்படி ஓர் ஓட்டம்! ஒரு துடிப்புப் பிசகவில்லை.

"க்யா தா?" என்று கேட்டார் சேட், என்னவாக இருந்தது என்று.

"மேரா கல்தி, சேட். கேப் தப்பா வெச்சிட்டேன்" என்று தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார் மாமா, பாதி ஹிந்தியும் பாதித் தமிழுமாக.

சேட் விழுந்து விழுந்து சிரித்தார். கேப் வைக்கத் தெரியாதவனை நம்பி இன்ஜினைக் கொடுக்கமுடியாது, வேண்டுமானால் வந்து சாமான் கழுவட்டும் என்றார். மாமா தலையாட்டினார். மற்றவர்கள் பிரித்துப் போட்டதை எல்லாம் வெகு காலம் அவர்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "நெத்தியில சாமி குங்குமம் வெச்ச பொறவுதான் வண்டியே ஓடிச்சி பாரு" என்று தெருவெல்லாம் சொன்னாள். அப்பாவின் ஏச்சு அன்றோடு அவளை விட்டுவிட்டு மாமாவின் பக்கம் திரும்பிக்கொண்டது. அம்மாவும் கூட்டுச் சேர்ந்துகொண்டாள். "இந்தா, கேப்பு வெக்கத் தெரியாதவனுக்கு இன்னொரு தோச" என்பாள். யார் ஒன்று சொன்னாலும் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற மாமா, பேசாமல் தட்டை நீட்டுவார். பாயிண்ட்டில் நான் பார்த்தது என்னவென்று அந்த வயதில் விளங்காமல், பாவம், சொல்ல அவரிடம் பதிலே இல்லை என்று நினைத்துக்கொண்டு, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான்.