ரஹீமா அக்காவும் ஒரு பருவத்துப் பாசிச் சாறும்

கடந்த வெள்ளிக்கிழமை காலை, சாம்பல்தீவிலிருந்து வந்து திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியபோது ரஹீமா அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "சுகந்தி, அக்கா மவுத்தாகிட்டா." சிறுநீரக நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தவர். எதிர்பார்த்த மரணம்தான். வேலைக்குப் போகாமல் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா கிண்ணியாவைச் சேர்ந்தவர். துறைமுகத்தருகே உள்ள எங்கள் சிறிய ஆய்வுகூடத்தின் தலைமை இரசாயனவியலாளர். கடற்பாசிச் சாற்றிலிருந்து மருந்தாய்வுக்கான பொருளைத் திரவ நிறப்பிரிகை முறையில் பிரித்தெடுப்பது எங்கள் வேலை. சிலிக்கா தூள் இறுக்கிய தடித்த குழாயைக் கொலம் என்போம். சாற்றை அதன் தலையில் ஏற்றிப் பம்ப் மூலம் கரைப்பானை ஓடவிட்டால், கலந்திருப்பவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்.

ஒருமுறை, மாரி தொடங்கிய நேரம், அந்தப் பருவத்துச் சாறு முழுவதையும் வீரியமான கரைப்பானில் கரைத்து ஒரே தடவையில் ஏற்ற ஆயத்தமானார்.

"பிரிச்சுப் பிரிச்சு ஏத்துவமா அக்கா?"

"நேரமில்ல சுகந்தி. தாங்கும்."

தாங்கவில்லை. எல்லாம் கலந்தபடியே பச்சையாக வழிந்து வந்தது. கடல் அடங்கும் வரை புதிதாகப் பாசி எடுக்க வழியில்லை. அதற்குள் மருந்தாய்வு செய்பவர்களுக்குப் பொருளைக் கொடுக்காவிட்டால் ஆய்வுகூடத்தையே மூட வேண்டி வரும்.

பணிப்பாளர் வந்து, "பம்ப் பிழைச்சிட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்ல சேர், பம்ப் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டன்," என்றார் அக்கா.

வழிந்ததில் ஒரு சொட்டையும் அவர் வெளியே ஊற்ற விடவில்லை. கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சிய சாற்றைச் சிலிக்கா தூளோடு கலந்து, மணல்போல் உதிரும் வரை உலர்த்தினோம். அந்தத் தூளைக் கொலத்தின் தலையில் மெல்லிய அடுக்காகப் பரப்பினார். இம்முறை பங்கு பங்காக. எங்களுக்கு வேண்டிய பொருள் தனியாக இறங்கத் தொடங்கியதும், "வந்திட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்று அழுதார்.

பிறகு வேலைக்கு வந்த எல்லோருக்கும் அந்தப் பிழையிலிருந்தே பாடம் தொடங்கும். "நான் ஒருக்கா எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டினனான்," என்பார், கூச்சமே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை கிண்ணியா வீட்டில் அவருடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எண்ட புள்ள அங்க எப்பிடி இருந்தவ?"

"நல்ல பொறுமை உம்மா."

அவர் நம்பாமல் நிமிர்ந்தார். "அவவா? தேத்தண்ணி ஆறும் வரைக்கும் இருக்கமாட்டாவே!" அழுகைக்கிடையில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சுற்றியிருந்த பெண்களும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெள்ளைத் துணிக்குள் அக்கா அமைதியாகக் கிடந்தார்.

அவசரமில்ல, ஆறுதலாப் போங்கோ, அக்கா.