சாவு வீட்டுக் கறியும் மொடிரி அத்தானும்

எங்கள் மாவுன் ஊரில் ஒருவருக்கு என்ன மரியாதை என்று தெரிய வேண்டுமானால், சாவு வீட்டில் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டுப் புத்தகம் சிலர் கையில், மண்வெட்டி சிலர் கையில், வெறும் வாய் பலரிடம். செஸ்வாக் கறி இடிக்கும் கட்டை யார் கையிலோ அவர்தான் அன்றைக்கு ராஜா. எங்கள் வட்டத்தில் அது என் மாமன் மகன் மொடிரியின் கையில் இருந்தது.

மற்ற நாட்களில் அவர் ஒரு இரும்புக் கடையில் சிமெண்டு மூட்டை ஏற்றுகிறவர். முதலாளி இருமினால்கூட ஓடுவார். ஆனால் சனிக்கிழமை அடக்கத்துக்காக வெள்ளிக்கிழமை மாட்டை அறுத்து, மூன்று கால் இரும்புப் பானை நெருப்பில் ஏறிவிட்டால், அந்த முதலாளியே வந்தாலும் “தள்ளி நில்லுங்க, காத்து வரணும்” என்பார். மாட்டுக்கறி, தண்ணீர், உப்பு. வேறு எதுவும் கிடையாது. கறி எலும்பை விட்டுக் கழன்ற பிறகு நார் நாராகும்வரை இடிப்பார். வெங்காயம் போட்டால் அது செத்தவருக்கு அவமரியாதை என்பது அவர் கட்சி.

பெண்கள் பக்கம் சோளக்களி கிண்டுவது நான். அவருக்கு அத்தை மகள் என்பதால் அவரையும் கிண்டுவேன்.

“அத்தான், உங்க கறிக்காகவே ஆளுங்க சாகுறாங்களாம். ஊரெல்லாம் பேச்சு.”

“நீ களியைப் பாருடி. கட்டி விழுந்துச்சுன்னா செத்தவன் எழுந்து உக்காந்து திட்டுவான்.”

அவரிடம் ஒரு குறை உண்டு. பொய் சொல்ல வராது. பெண் கேட்கப் போன இடத்தில் “தம்பி குடிப்பாரா?” என்று கேட்டதற்கு, எவ்வளவு, எந்தக் கடையில், யார் யாரோடு என்பதுவரை சொன்னவர். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அடுத்துப் பெண் கேட்ட வீட்டில் மாமனாரும் அதே கடைக்குப் போகிறவர் என்பதால்தான் அவருக்குக் கல்யாணமே ஆனது.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். யூர்கன் என்று பேர். எந்த ஊரில் எங்கே என்ன சாப்பிடலாம் என்று பயணிகளுக்குப் புத்தகம் எழுதுகிறவராம். இரும்புக் கடைக்கு ஏதோ திருகாணி வாங்க வந்தவர், “இந்த ஊரில் நல்ல செஸ்வா எங்கே கிடைக்கும்?” என்று பொதுவாகக் கேட்டு வைத்தார். வேறு யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு ஹோட்டல் பேரைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அத்தான் மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

“ஹோட்டல்லயா? அவன் மிஷின்ல போட்டு அரைப்பான். நல்ல கறி வேணும்னா சாவு வீட்டுக்குப் போங்க. சனிக்கிழமை விடியக்காலைல. எந்தச் சாவா இருந்தாலும் பரவாயில்ல.”

“என்னை உள்ளே விடுவார்களா?”

“சாவு வீட்டு வாசல்ல ஆரு எவருன்னு கேக்குற வழக்கமே எங்க ஊர்ல இல்லையே.”

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குத்தான் அழைப்பு, சாவுக்கு எல்லாரும் சொந்தம். யூர்கன் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். எங்களுக்கு எதுவும் தெரியாது.

மறு வருஷம் சுற்றுலாக் காலம் வந்தது. முதலில் அரைக்கால் சட்டை போட்ட இரண்டு பெண்கள் ஒரு சாவு வீட்டு வாசலில் வந்து நின்று, “திறந்துவிட்டதா?” என்று கேட்டார்கள். அடுத்த வாரம் நாலு பேர். அதற்கடுத்த வாரம் ஒருவர், சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது படம் எடுத்தார். இன்னொருவர் கறியை வாயில் போட்டு, அத்தானைப் பார்த்துக் கை தட்டினார். அழுதுகொண்டிருந்த வீடு அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அத்தானுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் லேசாகச் சிரித்துவிட்டார், அதுதான் வினையாகப் போயிற்று.

வட்டத் தலைவர் செபினா பஞ்சாயத்தைக் கூட்டினார். முதலில் எழுந்தவன் ஃபென்யோ. வெகுநாளாக அந்தக் கட்டை மேல் கண் வைத்திருப்பவன். அவன் கறியில் வெங்காயமும் போடுவான், மசாலாக் கட்டியும் போடுவான்.

“பெரியவரே, இந்த ஆளு நம்ம சாவை ஹோட்டலாக்கிட்டாரு. நாளைக்கு நம்ம பொணத்துக்கும் டிக்கெட் போடுவாரு.”

“எலே மொடிரி, நெசமாவே நீதான் சொன்னியா?” என்றார் தலைவர்.

“ஆமாங்க, நான்தான் சொன்னேன்.”

“ஏன்டா சொன்ன?”

“நல்ல கறி எங்க கெடைக்கும்னு கேட்டான். வேற எங்க கெடைக்குது? நீங்களே சொல்லுங்க.”

வட்டத்திலேயே மறு தட்டு கேட்கும் முதல் ஆள் தலைவர்தான். ஆனாலும் தலைவர் தலைவராயிற்றே. “வாசல்ல நின்னு அவங்களைத் திருப்பி அனுப்பு” என்றார்.

அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அது மட்டும் முடியாதுங்க. சாவு வீட்டு வாசல்ல இன்னைக்கு ஒருத்தனை நிறுத்தினா நாளைக்கு ஆரை வேணா நிறுத்தலாம். அந்தப் பழக்கம் நம்ம ஊருக்கு வேண்டாம்.”

இதில் அத்தான் சொன்னது நியாயம். அந்த நியாயம் அவரைக் காப்பாற்றவில்லை. வரும் சனிக்கிழமை ஒரு வெள்ளைக்கார வண்டி வந்தாலும் கட்டை ஃபென்யோவுக்கு என்று தீர்ப்பாயிற்று. வெங்காயம் மணக்கும் செஸ்வாவுக்குப் பக்கத்தில் என் களியை வைப்பதா?

அந்த வாரம் இறந்தவர் எங்கள் வட்டத்துப் பெண் லொராட்டோவின் அப்பா. வாழ்நாள் முழுக்க மாட்டுப்பட்டியிலேயே கிடந்தவர். அவரைத் தெரிந்தவர்களைவிட அவர் மாடுகளைத் தெரிந்தவர்கள் ஊரில் அதிகம். போதாக்குறைக்கு அதே சனிக்கிழமை பக்கத்து வட்டத்தில் ஒரு பஸ் முதலாளியுடைய அம்மாவின் அடக்கம். வெள்ளைக் கூடாரம், குளிர்பானம், மூன்று மாடு. ஊர் எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும்? ஃபென்யோவும் விடியும் முன்பே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அங்கே கிளம்பிவிட்டான்.

எங்கள் ஊரில் ஏழையாகச் சாகலாம். ஆளில்லாமல் சாவதுதான் கேவலம். விடிந்ததும் இடுகாட்டு மணலில் நின்று பார்த்தால், பாதிரியார், வட்டத் தலைவர், அத்தான், சுவாசக் கோளாறுள்ள இரண்டு கிழவர்கள், நாங்கள் சில பெண்கள். குழியை ஆண்கள்தான் மூட வேண்டும், அதுவும் கோட்டு போட்டுக்கொண்டு. பெண்கள் மண்வெட்டியைத் தொடுவதில்லை. லொராட்டோவின் அம்மா போர்வைக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு, “வந்தவங்க இவ்வளவுதானா?” என்று என்னைக் கேட்டாள். நான் “வர்றாங்க, வர்றாங்க” என்றேன். அத்தானைப் போல நான் உத்தமி இல்லை.

அத்தான் ஒற்றை ஆளாக மண் தள்ளத் தொடங்கினார். போகப்போக, உள்ளே விழுந்த மணலைவிட அவர் வேர்வைதான் அதிகமாக விழுந்தது. அப்போது பெரிய லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. உள்ளே வரிசையாக வெள்ளைக்காரர்கள், கழுத்தில் கேமரா.

அத்தான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கட்டை போயிற்று என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. தலைவர் தொண்டையைக் கனைத்தார். அத்தான் லாரியைப் பார்த்தார், பாதி திறந்து கிடந்த குழியைப் பார்த்தார், பிறகு நேரே லாரி ஓட்டுநரிடம் போனார். ஓட்டுநர் பிரான்சிஸ்டவுன்காரர், நம் நாட்டு ஆள்.

“எதுக்கு வந்திருக்காங்க?”

“வேற எதுக்கு, கறிக்குத்தான் மாமா. புஸ்தகத்துல போட்டிருக்காம்.”

“சரி. கறி உண்டு. கேமராவை வண்டியில வைக்கச் சொல்லு. ஆம்பளைங்க கோட்டு போடணும். பொம்பளைங்க தலையையும் தோளையும் மூடணும். அப்புறம் குழி மூடணும். அதுக்கப்புறம்தான் கறி.”

நாங்கள் எங்கள் போர்வைகளைக் கழற்றிக் கொடுத்தோம். அரைக்கால் சட்டைக்கு மேல் லாரியிலிருந்த மேசைவிரிப்பைச் சுற்றிக்கொண்டாள் ஒருத்தி. கோட்டு மொத்தமே மூன்றுதான் தேறியது, பாதிரியாருடையதையும் சேர்த்து. ஒருவன் மண் தள்ளிக் களைத்ததும் கோட்டைக் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுத்தான். ஆறடி உயரத்தான் ஒருவனுக்குக் கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு முட்டியது, போர்வையும் இல்லை மூடிக்கொள்ள. ஆனால் தள்ளினார்கள். கை கொப்புளிக்கத் தள்ளினார்கள். மேடு நன்றாக எழும்பி, கிழவர்கள் பாட்டெடுத்ததும், வார்த்தை தெரியாமலே அவர்களும் முனகினார்கள். லொராட்டோவின் அம்மா மெல்லத் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அதைப் பார்த்து நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

வீட்டு வாசலில் எல்லாரும் கை கழுவிக்கொண்டு வரிசையில் நின்றோம். அத்தான் கறி பரிமாறினார், நான் களி. யாரும் கை தட்டவில்லை. ஆறடிக்காரன் மட்டும் மூன்றாவது தட்டுக்கு வந்தான், பின்னால் தலைவரும் நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபென்யோ வந்து சேர்ந்தான், ஏப்பம் விட்டுக்கொண்டே. லாரியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“பெரியவரே, வண்டி வந்துருச்சு பாத்தீங்களா? தீர்ப்பு தீர்ப்புதான். கட்டையக் குடுக்கச் சொல்லுங்க. தின்ன வந்த கூட்டத்தைச் சாவு வீட்டுல உக்கார வெச்சு சோறு போடுறாரு மனுஷன்!”

அத்தான் கட்டையைத் துடைத்து, நீட்டுவதற்காக எடுத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள் லொராட்டோவின் அம்மா. புருஷன் செத்தவள் அன்றைக்கு நடுமுற்றத்தில் வந்து பேசுவது வழக்கமில்லை. பேசினாள்.

“தம்பி ஃபென்யோ, நீ எங்க போயிட்டு வர்ற?”

“பஸ் முதலாளி வீட்டு அடக்கத்துக்கு, அம்மா.”

“இடுகாட்டுக்குப் போனியா?”

“போகாம?”

“எங்க, உன் செருப்பைக் காட்டு.”

எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஃபென்யோவின் காலணி எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்களின் கால்கள் முழங்கால்வரை மணல்.

“இவங்களும் சோத்துக்குத்தான் வந்தாங்க, நீயும் சோத்துக்குத்தான் போன” என்றாள் அவள். “இவங்க என் புருஷனுக்கு மண்ணு போட்டுட்டுச் சாப்பிட்டாங்க. நீ அந்தக் கெழவிக்கு ஒரு பிடி மண்ணாவது போட்டியா?”

ஃபென்யோ காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தலைவர் தட்டில் மிச்சமிருந்த கறியை வழித்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

“ஃபென்யோ, அந்த மண்வெட்டியெல்லாம் கழுவி அடுக்கி வை. மொடிரி, அந்த வண்டிக்காரன்கிட்ட சொல்லிவிடு, அடுத்த தடவை வர்றவங்க கோட்டு கொண்டு வரணும்.”