சாரலில் ஓட்டிய சட்டிக்கலப்பை

அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, சரியாக நினைவில்லை. தென்காசியில் நான் காடு திருத்திக் கொடுக்கும் வேலையைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்துகொண்டிருந்த காலம் அது. உடைமரமும் இண்டமுள்ளும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கிற நிலத்தை யாராவது வாங்குவார்கள். நான் ஆட்களைக் கூட்டிப்போய் முள்ளை வெட்டி, தூரைத் தோண்டி, அருகம்புல் வேரைப் பொறுக்கி எடுத்து, விதைக்கிற பதத்தில் ஒப்படைப்பேன். அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, இவ்வளவுதான் என் தளவாடம். மெதுவான வேலைதான். ஆனாலும் யாரும் குறை சொன்னதில்லை.

எனக்கு அது போதவில்லை. வயது முப்பது கூட ஆகவில்லை, தலைக்கனமோ அறுபது வயசுக்காரனுக்குரியது. மூன்று ஏக்கருக்கு ஒரு மாதம் குனிந்து கிடப்பதா, ஏதாவது மிஷின் வாங்கிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். முதலில் செங்கோட்டைப் பக்கம் தடி இழுக்கிற யானையை வாடகைக்குப் பேசலாமா என்று பார்த்தேன். யானை தூரைப் பிடுங்கும், சரி. அதற்குத் தீனி போட்டு, பாகனுக்கும் பதில் சொல்லி யாரால் முடியும்? விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கிழக்கே திருவேங்கடம் என்ற ஊரில் ஒருவர் தன் பழைய டிராக்டரை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். சித்திரை மாதம், மண்டை பிளக்கிற வெயில். கரிசல் காட்டில் ஓட்டிக் காட்டினார்கள். பின்னால் மாட்டியிருந்தது சட்டிக்கலப்பை. பெரிய பெரிய இரும்புச் சட்டிகள் சாய்வாக உருண்டு, மண்ணை வெட்டிப் புரட்டிக்கொண்டே போயின. புரண்ட இடத்தில் புல்வேர் எல்லாம் சாயந்திரத்துக்குள் நாராகக் காய்ந்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இன்னொரு கலப்பையும் அங்கே கிடந்தது, கொத்துக்கலப்பை. கொக்கி கொக்கியாக, பெரிய இரும்புச் சீப்பு மாதிரி இருந்தது. அது மண்ணைப் புரட்டாது, வேரை வாரி மேலே இழுத்துப் போடும். இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்றார் விற்கிறவர். டிராக்டர் ஓட்டியவர் மட்டும் என்னைப் பார்த்து, "உங்க ஊரு மண்ணு எப்படி அண்ணாச்சி? ஈரம் நிக்குமா?" என்று கேட்டார்.

"எங்க ஊரு மண்ணு எல்லாத்துக்கும் தாங்கும்" என்றேன். கேட்டது என்ன, நான் சொன்னது என்ன! சட்டி பளபளவென்று இருந்தது, சீப்பு துருப்பிடித்துக் கிடந்தது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. சட்டியை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

தென்காசிக்குள் டிராக்டர் நுழைந்தபோது கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் மட்கார்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதல் வேலை குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு பாயுடையது. கொழும்பில் இருபது வருஷம் கடை நடத்திவிட்டுத் திரும்பியவர். இனிக் கடல் தாண்டமாட்டேன், பிள்ளைகளோடு மண்ணில் கிடந்து பிழைக்கிறேன் என்று சொல்லி, கொண்டுவந்ததை எல்லாம் போட்டு நான்கு ஏக்கர் முள்ளுக்காடு வாங்கியிருந்தார். அவருக்கு வெள்ளாமை பழக்கமில்லை. மண்வெட்டியைப் பிடிக்கிற விதத்திலேயே தெரியும். "தம்பி, நீங்க என்ன சொல்லுதியளோ அதான். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று என்னிடம் விட்டுவிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என் கையில் நிலத்தை ஒப்படைத்துவிட்டுக் குழந்தை மாதிரி வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

உடைமரத் தூர்களைச் சங்கிலி கட்டி டிராக்டர் பிடுங்கியது. அது நன்றாகவே நடந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்து அருகு, அதான் அருகம்புல். வழக்கமாக எங்கள் ஆட்கள் ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திப் போவார்கள், பின்னாலேயே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேரை உதறி உதறிப் பொறுக்குவார்கள். நான் அவர்களில் பாதிப் பேரை அந்த மாதம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சட்டியை இறக்கி ஓட்டச் சொன்னேன்.

பொறுக்குகிற பெண்களுக்கு முன்னால் நின்று வேலை வாங்குகிற ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். வாய் கொஞ்சம் நீளம், கண்ணும் கூர்மை. புரட்டிப்போட்ட மண்ணில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இந்தச் சட்டி வேர எடுக்கல, நறுக்குது. இங்கன பாருங்க, விரல் விரலா கெடக்கு. சித்திர வெயில்னா காஞ்சி செத்துரும். இப்பம் ஆனி, சாரல் வுழுதுல்லா? துண்டுக்குத் துண்டு முளைக்கும்."

"பேசாம வேலையப் பாருட்டி. மிஷினப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"மிஷினப் பத்தித் தெரியாது. அருகப் பத்தித் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு சிரிப்புக்காகவே நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

குற்றால மலையில் மேகம் இறங்கிவிட்டது. பொசுபொசுவென்று சாரல், நடுநடுவே இளவெயில், மறுபடி சாரல். ஊரெல்லாம் அருவியில் குளிக்க வந்து கொண்டாடுகிற அந்தக் காலம்தான் அருகம்புல்லுக்கும் கொண்டாட்டம். ஆனால் நான்கு நாளில் நிலம் புட்டு மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார். ஒரு மாத வேலை நாலு நாளில் முடிந்துவிட்டதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் நிலம் பச்சை கட்டியது. அருகு. முன்பு திட்டுத் திட்டாக இருந்தது, இப்போது இண்டு இடுக்கு விடாமல்.

அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். நானோ இன்னொரு தடவை சட்டியைப் போட்டு ஓட்டினேன். ஆயிரம் துண்டை லட்சம் துண்டாக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாக மண் மூடி அழகாகத் தெரிந்ததும் பாய் கடலை விதைத்தார், ஓரமெல்லாம் எலுமிச்சங்கன்று நட்டார். கடலைக்கு முன்னால் அருகு முளைத்தது. அவரும் இரண்டு பையன்களும் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை களை பறித்தார்கள். மேலே பிடுங்கினால் கீழே கணுவில் கிளை விட்டது. ஐப்பசி மழையில் கடலைச் செடியே கண்ணுக்குத் தெரியவில்லை. எலுமிச்சங்கன்றுகள் புல்லுக்குள் மூச்சுமுட்டி நின்றன.

ஒருநாள் காலையில் பாய் என் கொட்டகைக்கு வந்தார். கை இரண்டும் காய்த்துப்போய், முகம் கருத்துப்போய் இருந்தார். அந்த நேரம் பார்த்து ராயகிரியிலிருந்து வெள்ளாமை செய்கிற இரண்டு சம்சாரிகள் டிராக்டரை வாடகைக்குப் பேச வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, எங்கன தப்பாச்சுன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கடைசியில் உண்மையைக் கொட்டியிருப்பேனோ என்னவோ. எனக்கு எங்கே தப்பாயிற்று என்று நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய், ஒளிக்காமச் சொல்லுதேன். உங்க மண்ணு சீக்கு மண்ணு. அதுல அருகு போகவே போகாது. வாங்கும்போதே வித்தவன் உங்கள ஏமாத்திட்டான்" என்றேன்.

ஒளிக்காமச் சொல்லுதேன் என்று வேறு சொன்னேன், பாருங்கள்! பாய், "என் தலையெழுத்து" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ராயகிரிக்காரர்கள் டிராக்டரைப் பேசி முடித்தார்கள்.

தைக்குள் அவர் நிலத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கியவர் தென்காசியில் பலசரக்குக் கடைக்காரர், விவரமான ஆள். சித்திரை வரை பொறுத்திருந்து, நான் பாதி நிறுத்திவிட்ட அதே கூட்டத்தை, அதே வாய் நீளக்காரியைக் கூப்பிட்டு விட்டார். வெயிலில் கொத்தினார்கள், பொறுக்கினார்கள், குவித்துக் காயவைத்துக் கொளுத்தினார்கள். சைக்கிளில் அந்தப் பக்கம் போன நான் இறங்கி நின்றேன். தேடினாலும் ஒரு புல் இல்லை.

"அண்ணாச்சி, இது சீக்கு மண்ணுன்னு சொன்னியளாமே?" என்றாள் அவள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அந்தப் பாய் பாவம். புள்ளைகள வெச்சிக்கிட்டு இங்கனயே கெடந்தாரு."

சைக்கிளில் ஏறினேன். அந்த மாதமே சட்டியைக் கழற்றி விற்றவரிடமே கொடுத்துவிட்டுக் கொத்துக்கலப்பை மாட்டினேன். நிறுத்திய ஆட்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் அவளைத்தான் மண்ணைப் பார்க்கச் சொல்வேன். தொழில் பிழைத்தது, நல்லாவே பிழைத்தது. பாயைத் தேடிப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம் ஒரு சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். மெயினருவிக்குப் போகிற வழியில் வரிசையாகச் சீசன் கடைகள். ஒரு கடையில் நேந்திரங்காய் வறுவல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரத்துண்டோடு போய் நின்றேன். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து, "வாங்க தம்பி, வாங்க" என்று ஒரு குரல். பாய். தாடி முழுக்க நரைத்துப் போயிருந்தது.

பக்கத்தில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டார். "ஏலே, இவரு யாருன்னு தெரியுதா? அன்னைக்கு ஒளிக்காம உண்மையச் சொன்னாருல்லா, அந்தத் தம்பி. இவரு மட்டும் சொல்லலேன்னா அந்த மண்ணக் கட்டிக்கிட்டு அழுது, உள்ளதும் போயிருக்கும். அல்லா இவர நல்லா வெக்கட்டும்."

அந்தப் பையன் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். அவன் கைகளில் அந்த வருஷம் களை பறித்தது இன்னும் தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது. பாய் சூடான வறுவலைப் பொட்டலம் கட்டி என் கையில் திணித்தார். காசு வாங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, அந்தப் பையன் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். "நல்லாருக்கீங்களா பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தேன். அந்த வறுவலை என்னால் தின்ன முடியவில்லை, தூர எறியவும் முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் கொடுத்தேன்.

அந்தச் சீசன் முடிவதற்குள் இரண்டு தடவை சொல்வதற்கென்றே போனேன். இரண்டு தடவையும் கூட்டத்தை விலக்கி எனக்கு முதலில் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் அந்த இடத்தில் வேறு யாரோ கடை போட்டிருந்தார்கள். பாய் குடும்பத்தோடு திருவனந்தபுரம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள், விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

நான் கெடுத்த நிலம் ஒரே கோடையில் சரியாகிவிட்டது. எனக்கு உரியதல்லாத அந்த நன்றியை மட்டும் எங்கே கொண்டு போய் இறக்கிவைப்பது என்று தெரியாமல், இத்தனை வருஷமாகியும் சுமந்துகொண்டிருக்கிறேன்.