மிட்டாய்த்தாள் சன்னல்

பாளையங்கோட்டையில் குடியிருந்தபோது, ஓர் அரைப்பரீட்சை விடுமுறையில் நானும் என் இரண்டு பிள்ளைகளும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை நட்சத்திரங்களாக வெட்டி, நடுவில் வண்ண மிட்டாய்த்தாள் வைத்து, மைதாப் பசையால் சன்னலில் ஒட்டினோம். சாயங்காலம் நாங்கள் விளக்குப் போட்டதும் எதிர்வீட்டுப் பெண் தன் சன்னலுக்கு வந்து எங்கள் வீட்டையே பார்ப்பாள். அதுவரை எங்களோடு பேசியதே இல்லை. எதை வேவு பார்க்கிறாளோ என்று எனக்கு உறுத்தியது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடவில்லை.

நான்காம் நாள் அவளே வந்து கதவைத் தட்டினாள்.

"சன்னல்ல ஒட்டுனத எப்ப கிழிப்பிய?"

"உங்களுக்கு என்ன இடைஞ்சல்?" என்றேன் வெடுக்கென்று.

"கிழிச்சிராதிய. எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடக்காரு. விளக்கு போட்டாச்சான்னு என்னையப் பாத்துட்டு வரச் சொல்லுதாரு. பெறவு கட்டில இங்கன பாக்கத் திருப்பிப் போடுதேன்."

மறுநாள் மேலும் நான்கு ஒட்டினோம்.