வெளியே தொங்கிய பூட்டு

எங்கள் ஊரில் விருந்தாளி சொல்லிவிட்டு வருவதில்லை. வந்தால் தேத்தண்ணீர் குடிக்காமல் போவதுமில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது பெரும் தொல்லை. அதனால் வாப்பா என்னை உள்ளே விட்டு, வீட்டுக்கு இருந்த ஒரே கதவான வாசற்கதவை வெளியே பூட்டிவிடுவார். வீட்டில் ஆளில்லை என்று வாயால் சொன்னால்தான் பொய், பூட்டுச் சொன்னால் பொய்யில்லை என்பது அவருடைய மார்க்கத் தீர்ப்பு. "எங்கட டொக்டர் படிக்கிறா" என்று சந்தியில் பெருமையடிப்பார். எனக்கோ விலங்கியல் புத்தகத்தைப் பார்த்தாலே வெறுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் பூட்டிவிட்டு, திறப்பை, இருந்த ஒரே சாவியை, இடுப்பு வாரில் சொருகிக்கொண்டு சந்தைக்குப் போனார். தங்கச்சி குர்ஆன் ஓதப் போயிருந்தாள். உம்மா மேற்கே பெரிய தெருவில் ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருதான்.

முதலில் காகங்கள் ஒரேயடியாகக் கத்தின. பிறகு, "கடல் வருது, ஓடுங்க" என்று ஆட்கள் மேற்கே ஓடினார்கள். நான் கத்தியது அந்த இரைச்சலில் கேட்கவில்லை. பூட்டுத் தொங்கும் வீட்டு வாசலில் யார் நின்று பார்ப்பார்கள்? உம்மா மட்டும் அத்தனை பேருக்கும் எதிரே ஓடி வந்து, யன்னல் கம்பிக்குள் கையை விட்டு என்னைப் பிடித்தார்.

"உம்மா, நீங்க ஓடுங்க."

"திறப்பு வாப்பாட்ட கிடக்கு மகள். நான் உடைக்கிறன்."

வாசலில் கிடந்த கல்லை எடுத்துப் பூட்டில் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். சத்தம் நின்றபோது தண்ணீர் என் கழுத்துக்கு வந்திருந்தது. நான் கூரை மரத்தைப் பிடித்துத் தொங்கிப் பிழைத்தேன். உம்மா மறுநாள் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஜனாஸாவாகக் கிடைத்தார். ஊர் கடலைத் திட்டியது. நான் பூட்டைத் திட்டினேன், வாப்பாவோடு வெகுநாள் கதைக்கவில்லை.

பரீட்சை எழுதினேன், டொக்டராகவில்லை. எல்லோருடைய கண்ணும் தங்கச்சியின் மேல் போனது.

யுத்தம் முடிந்து சந்தியில் வெடி கொளுத்திய வருஷம் அவளுடைய முறை. கடலுக்குத் தூரத்தில் புது வீடு. விருந்தாளிகள் மட்டும் பழையபடிதான். ஒரு காலை அவளே கேட்டாள், "வாப்பா, வெளியால பூட்டிட்டுப் போங்க."

வேலைக்குப் போக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பூட்டினார். பிறகு சுற்றிக்கொண்டு யன்னலுக்கு வந்து, திறப்பைக் கம்பிக்குள் நீட்டினார்.

"இது உன்ட கையில இரிக்கட்டும் மகள். ஆராவது ஓடி வந்தா குடு."

அவள் அதை வாங்கிப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.